கடல் கடந்து வந்த பார்சல் உடைந்திருந்தால் பணத்தை யார் தர வேண்டும்?

வேறொரு நாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கிய பொருள் மூன்று வாரம் கழித்து வந்து சேர்கிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே நொறுங்கிக் கிடக்கிறது. விற்பனையாளருக்கு எழுதினால், "நாங்கள் நன்றாகத்தான் பேக் செய்தோம், கூரியரிடம் கேளுங்கள்" என்கிறார். கூரியர் நிறுவனமோ, "அனுப்பியவர்தான் புகார் தர வேண்டும்" என்கிறது. வங்கியில் கேட்டால், "முதலில் விற்பனையாளரிடம் பேசிவிட்டு வாருங்கள்" என்று புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது, குழப்பமே அதனால்தான் வருகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதற்குள் கெடு முடிந்துபோய், கிடைத்திருக்க வேண்டிய பணத்தைப் பலர் இழக்கிறார்கள்.

பொருளை யார் உடைத்தார் என்று கண்டுபிடிப்பது பெரும்பாலும் வாங்கியவரின் வேலை இல்லை. உடைந்த நிலையில் கைக்கு வந்தது என்று காட்டினால் போதும். இது தெளிவாகாத வரைக்கும் வாங்கியவர் தவறான ஆளிடம்தான் நியாயம் கேட்டுக்கொண்டிருப்பார். இது ஏன் இப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே பார்சல், மூன்று ஒப்பந்தங்கள்

ஒரு பார்சல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வரும்போது அதன் பின்னால் குறைந்தது மூன்று ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

1. விற்பனை ஒப்பந்தம். இது உங்களுக்கும் விற்பனையாளருக்கும் இடையில் உள்ளது. படத்தில் காட்டிய, விவரத்தில் எழுதிய அதே பொருளைத் தர அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

2. சரக்கு ஒப்பந்தம். இது விற்பனையாளருக்கும் கூரியர் அல்லது அஞ்சல் துறைக்கும் இடையில் உள்ளது. டெலிவரி கட்டணத்தை நீங்களே கட்டியிருந்தாலும், கூரியரைத் தேர்ந்தெடுத்து லேபிள் ஒட்டி ஒப்படைத்தவர் விற்பனையாளர். கூரியரின் கணக்கில் வாடிக்கையாளர் அவர்தான்.

3. பணம் செலுத்தும் ஒப்பந்தம். இது உங்களுக்கும் உங்கள் வங்கிக்கும் அல்லது பேபால் போன்ற பணச் சேவைக்கும் இடையில் உள்ளது. கார்டில் வாங்கியிருந்தால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகளின் விதிகளும் கூடச் சேரும்.

ஈபே போலப் பல விற்பனையாளர்கள் கடை விரிக்கும் ஒரு சந்தைத் தளம் வழியாக வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் வாங்குவோர் பாதுகாப்பு விதி நான்காவதாகச் சேரும்.

"எங்களிடம் வராதீர்கள், அனுப்பியவரைக் கேளுங்கள்" என்று கூரியர் சொல்வது அலட்சியத்தால் மட்டும் இல்லை. இரண்டாவது ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் பெறுநராக இருக்கிறது, வாடிக்கையாளராக இல்லை. அதே காரணத்தால், "கூரியரிடம் கேளுங்கள்" என்று விற்பனையாளர் சொல்வது பெரும்பாலும் தவறு. கூரியரிடம் இழப்பீடு கேட்க முதல் தகுதி உள்ளவர் அவரேதான். உங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, தன் நஷ்டத்தை அவர் கூரியரிடம் வாங்கிக்கொள்ளலாம். அது கிடைக்கிறதா இல்லையா என்பது அவருடைய தொழில் சிக்கல்.

பொறுப்பு எந்த இடத்தில் கை மாறுகிறது?

பயணத்தின்போது பொருள் கெட்டால் நஷ்டம் யார் தலையில் விழும்? பொருள் எந்தக் கணத்தில் விற்பனையாளரின் பொறுப்பிலிருந்து வாங்கியவரின் பொறுப்புக்கு மாறுகிறது என்பதைப் பொறுத்தது அது. எல்லா நாட்டுச் சட்டமும் இதில் ஒரே மாதிரி இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணையின் 20ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. நுகர்வோரோ அவர் குறிப்பிட்ட ஒருவரோ பொருளைக் கையில் வாங்கும் வரை நஷ்டம் விற்பனையாளருடையது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. இரண்டிலும் ஒரு விலக்கு உண்டு. விற்பனையாளர் தந்த டெலிவரி வழிகளை விட்டுவிட்டு, வாங்கியவரே வேறொரு கூரியரை ஏற்பாடு செய்தால், அந்தக் கூரியரிடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு வாங்கியவருக்கு வந்துவிடும்.

அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பின் அணுகுமுறை வேறு. குறிப்பிட்ட இடத்தில் கொண்டுவந்து ஒப்படைப்பதாக ஒப்பந்தம் சொல்லவில்லை என்றால், விற்பனையாளர் முறைப்படி கூரியரிடம் கொடுத்ததுமே நஷ்டப் பொறுப்பு வாங்கியவருக்கு மாறிவிடலாம். சில கடைகள் தங்கள் விதிமுறைகளில், "கூரியரிடம் ஒப்படைத்தபின் நாங்கள் பொறுப்பில்லை" என்று எழுதி வைப்பது இந்த அடிப்படையில்தான்.

அப்படி எழுதிவைத்தால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. நுகர்வோர் சட்டம் வலுவாக இருக்கும் இடங்களில் அப்படிப்பட்ட வரி செல்லாது. சட்டம் உங்கள் பக்கம் இல்லாத இடத்திலும், சந்தைத் தளத்தின் பாதுகாப்பு விதியும் கார்டு வலையமைப்பின் விதியும் தனியாக இயங்குகின்றன. பொருள் சேதமாகி வந்தால் பணம் திரும்பக் கேட்கலாம் என்று அவை நேரடியாகவே இடம் தருகின்றன. விற்பனையாளர் தன் இணையதளத்தில் ஒரு வரி எழுதி அவற்றை ரத்து செய்துவிட முடியாது.

பன்னாட்டு வணிகத்தில் இன்கோடெர்ம்ஸ் என்ற சொல் அடிபடும். எஃப்ஓபி, டிஏபி, டிடிபி என்று மூன்றெழுத்துச் சுருக்கங்களாக வரும். இவை வணிகர்களுக்கு இடையே செலவையும் பொறுப்பையும் பிரித்துக்கொள்வதற்காக உருவானவை. வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் ஒருவருக்கு இவற்றால் உதவி குறைவு. சுங்கவரியை யார் கட்டுவது என்பதை அறிய டிடிபி என்ற குறிப்பைப் பார்த்தால் போதும். அது இருந்தால் வரி விற்பனையாளருடையது.

கூரியரிடம் நேரடியாகக் கேட்டால் ஏன் கொஞ்சமே கிடைக்கிறது?

எல்லைகள் தாண்டிச் செல்லும் விமானச் சரக்குக்கு 1999இல் மாண்ட்ரியாலில் கையெழுத்தான உடன்படிக்கை பொருந்தும். 130க்கும் மேற்பட்ட நாடுகள் இதை ஏற்றிருக்கின்றன. சரக்கு சேதமானால் விமான நிறுவனம் பொறுப்பு என்று அது சொல்கிறது. ஆனால் அந்தப் பொறுப்புக்கு எடைக்கணக்கில் ஓர் உச்சவரம்பும் வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்டிஆர்.

எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஆகிய ஐந்தையும் சேர்த்து அதன் மதிப்பு தினமும் கணக்கிடப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் ஓர் எஸ்டிஆர் 1.3 முதல் 1.45 அமெரிக்க டாலர் வரை இருந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைக் கிலோ எடையுள்ள கேமரா லென்ஸ் உடைந்துவிட்டது. அரைக் கிலோவுக்கு 13 எஸ்டிஆர், அதாவது 20 டாலருக்குள். லென்ஸின் விலை அதைப்போல் ஐம்பது மடங்காக இருந்தாலும் வரம்பு அதேதான். எடைக்கு விலை குறைந்த பொருளுக்கு இந்த வரம்பு பெரிதாக உறுத்தாது. சிறியதாகவும் விலை உயர்ந்ததாகவும் இருக்கும் பொருளுக்கு இது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கப்பலில் வரும் பெரிய சரக்குக்கு வேறு விதி. ஹேக்-விஸ்பி விதிகள் பொருந்தும் இடங்களில் ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இவற்றில் எது அதிகமோ அது.

வரம்பை உயர்த்த வழி இருக்கிறது. அனுப்பும்போதே மதிப்பை அறிவித்து, கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். அதைச் செய்யக்கூடியவரும் அனுப்புபவர்தான். இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. சுங்கப் படிவத்தில் எழுதும் மதிப்பு வேறு, கூரியரிடம் பொறுப்புக்காக அறிவிக்கும் மதிப்பு வேறு. முதல் இடத்தில் எழுதிவிட்டு இரண்டாவதைக் காலியாக விட்டால், பொறுப்பு குறைந்தபட்ச வரம்பிலேயே நிற்கும்.

வரம்பைத் தவிர கூரியருக்கு இன்னும் இரண்டு வலுவான தற்காப்புகள் இருக்கின்றன.

முதலாவது, பேக்கிங். அனுப்பியவர் சரியாகப் பேக் செய்யாததால்தான் சேதம் என்று காட்டினால் விமான நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. தானியங்கிப் பிரிப்பு மையங்களில் பெட்டிகள் கன்வேயர் பெல்ட்டில் ஓடி, சறுக்குப் பாதையில் விழுந்து, மற்ற பெட்டிகளுக்கு அடியில் நசுங்கிப் பயணிக்கின்றன. "உடையக்கூடியது" என்ற ஸ்டிக்கரை எந்திரம் படிக்காது. இதையெல்லாம் தாங்கும்படி பேக் செய்திருக்க வேண்டும் என்பதே கூரியர்களின் எதிர்பார்ப்பு. ஒற்றைச் சுவர் அட்டைப்பெட்டியில் ஒரு சுற்று பபிள் ராப் மட்டும் போட்டு அனுப்பிய பீங்கானுக்கு அவர்கள் எளிதில் கைவிரித்துவிடுவார்கள். ஆனால் உங்களுக்கு இதில் நன்மையும் இருக்கிறது. பேக்கிங் மோசம் என்று கூரியர் எழுதிக்கொடுத்தால், தவறு விற்பனையாளருடையது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இரண்டாவது, கையெழுத்து. குறை எதுவும் சொல்லாமல் பார்சலை வாங்கிக்கொண்டால், அது நல்ல நிலையில் வந்ததற்கு முதல்நிலைச் சான்றாக அது கருதப்படும். பிறகு மறுக்கலாம், ஆனால் நிரூபிக்கும் சுமை நம் பக்கம் வந்துவிடும். பார்சலைப் பெற்ற நாளிலிருந்து 14 நாளுக்குள் சேதத்தை எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. கப்பல் சரக்கில், வெளியே தெரியாத சேதத்துக்கு வெறும் மூன்று நாள்தான்.

அஞ்சலில் வந்தால்?

அரசு அஞ்சல் வழியாக வந்த பார்சலுக்கு மாண்ட்ரியால் கணக்கு நேரடியாகப் பொருந்தாது. விமான நிறுவனம் அங்கே அஞ்சல் துறைக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். அஞ்சல் துறைகளுக்கு இடையிலான விதிகளை 1874இல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியம் வகுக்கிறது. அதன்படி விசாரணை கோர, அஞ்சலில் சேர்த்த மறுநாளிலிருந்து ஆறு மாதம் கெடு. அந்த விசாரணையைப் பொதுவாக அனுப்பியவர் தன் நாட்டு அஞ்சலகத்தில்தான் தொடங்க வேண்டும்.

வந்தது அஞ்சலா கூரியரா என்று தெரியவில்லையா? டிராக்கிங் எண்ணைப் பாருங்கள். தொடக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், முடிவில் இரண்டு எழுத்து என்று 13 குறிகள் இருந்தால் அது அஞ்சல் எண். கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாட்டைக் குறிக்கும். முதல் எழுத்து சி என்றால் பார்சல், இ என்றால் விரைவு அஞ்சல், ஆர் என்றால் பதிவு அஞ்சல், வி என்றால் காப்பீடு செய்தது. இந்த ஓர் எழுத்திலிருந்தே இழப்பீட்டுக்கு வாய்ப்பு உண்டா என்பது ஓரளவு தெரிந்துவிடும். யு என்று தொடங்கினால் அது பதிவு செய்யாத சாதாரண உருப்படி. அஞ்சல் துறையிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை, விற்பனையாளரிடம்தான் போக வேண்டும்.

பெட்டியைத் திறக்கும் அந்தப் பத்து நிமிடம்

பின்னால் நடக்கும் எல்லாமே இந்தப் பத்து நிமிடத்தில் சேர்த்த சான்றைத்தான் நம்பியிருக்கிறது. நிறையப் பேர் ஆத்திரத்தில் பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, உடைந்த பொருளை மட்டும் படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் சொல்வது பொருள் உடைந்திருக்கிறது என்பதை மட்டும்தான். எப்போது உடைந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லப்போவது பெட்டி.

1. வாங்கும்போதே பெட்டி நசுங்கியோ ஈரமாகவோ கிழிந்தோ மறுபடி டேப் ஒட்டியோ இருந்தால், கையெழுத்துப் போடும் இடத்திலேயே "பெட்டி சேதம், உள்ளே சரிபார்க்கவில்லை" என்று எழுதுங்கள். கைக்கருவியில் விரலால் கையெழுத்துப் போடும் இடமாக இருந்தால், டெலிவரி செய்பவர் நிற்கும்போதே பெட்டியைப் படம் எடுங்கள்.

2. திறப்பதற்கு முன் ஆறு பக்கமும் படம். லேபிளும் டிராக்கிங் எண்ணும் தெளிவாகத் தெரியும்படி தனியாக ஒரு படம்.

3. திறப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். லேபிளில் தொடங்கி, டேப்பை அறுத்து, பொருளை வெளியே எடுத்து, சேதத்தை அருகில் காட்டுவது வரை ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். சட்டம் இதைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. ஆனால் "நீங்களே கீழே போட்டு உடைத்திருக்கலாம்" என்ற பேச்சை இது ஆரம்பத்திலேயே அடக்கிவிடும்.

4. உள்ளே இருந்த பஞ்சு, தெர்மோகோல், பபிள் ராப் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பெட்டிக்கும் பொருளுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பது தெரிய வேண்டும்.

5. மின்சாதனமாக இருந்தால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் இயக்கிப் பாருங்கள். அதிர்ச்சியில் உள்ளே கழன்ற இணைப்பு வெளியே தெரியாது. பேட்டரி உப்பியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ மட்டும் இயக்கவே கூடாது, சார்ஜ் போடவும் கூடாது.

6. விவகாரம் முடியும் வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள். கூரியர் நிறுவனம் ஆள் அனுப்பிப் பெட்டியைச் சோதிக்கக் கேட்கலாம். பெட்டி இல்லை என்றால் புகாரை அங்கேயே முடித்துவிடுவார்கள்.

விற்பனையாளருக்கு என்ன எழுதுவது, எங்கே எழுதுவது?

எங்கே எழுதுகிறோம் என்பது என்ன எழுதுகிறோம் என்பதைவிட முக்கியம். சந்தைத் தளத்தில் வாங்கியிருந்தால் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே எழுதுங்கள். வாட்ஸ்அப்புக்கு வாருங்கள், தனி மின்னஞ்சலில் பேசுவோம் என்று விற்பனையாளர் அழைத்தால் போகாதீர்கள். தளத்துக்கு வெளியே நடந்த பேச்சைத் தளம் பார்க்காது. ஒப்புக்கொண்டதை அவர் பிறகு மறுத்தாலும் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஆர்டர் எண், பொருள் வந்த தேதி, என்ன சேதம், அதனால் எது பயன்படவில்லை, எத்தனை படம் இணைத்திருக்கிறீர்கள், என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்பவை போதும். "என்ன வேண்டும்" என்பதைத் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். முழுப் பணமா, மாற்றுப் பொருளா, அனுப்பும் கட்டணமும் சேர்த்தா? "ஏதாவது செய்யுங்கள்" என்று எழுதினால், அவருக்குக் குறைந்த செலவு எதுவோ அதைத்தான் செய்வார். யாருடைய தவறு என்று வாதிடவும் வேண்டாம். "கூரியர்காரர் தூக்கிப் போட்டிருக்கிறார்" என்று நீங்களே எழுதிவிட்டால், கூரியரைக் கேளுங்கள் என்று சொல்ல அவருக்கு வழி கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் வரும் பதில்களில் மூன்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

"கூரியர் விசாரணை முடியட்டும், 30 நாள் பொறுங்கள்." விசாரணை அவர் நடத்த வேண்டியதுதான், நடத்தட்டும். ஆனால் உங்கள் கெடு அதற்காக நிற்காது.

"20 சதவீதம் திருப்பித் தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள்." ஓரத்தில் ஒரு கீறல், பயன்பாட்டுக்குக் குறையில்லை என்றால் இது நியாயமான தீர்வாக இருக்கலாம். பொருள் பயன்படவே இல்லை என்றால் ஏற்காதீர்கள். பகுதித் தொகையை ஒப்புக்கொண்டபின் மீதியைக் கேட்பது பெரும்பாலும் நடக்காது.

"முதலில் புகாரை மூடுங்கள், உடனே பணம் அனுப்புகிறோம்." இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பேபாலில் மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது. பணம் வந்தபின் மூடினால் நேர்மையான விற்பனையாளருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஒரே நேரத்தில் ஓடும் கெடுக்கள்

பணத்தை இழப்பவர்களில் பெரும்பாலோர் நியாயம் இல்லாமல் இழப்பதில்லை, நாள் தப்பி இழக்கிறார்கள். ஒரு கெடு முடிந்தபின் அடுத்தது தொடங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். எல்லாக் கெடுவும் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. சிலவற்றுக்குத் தொடக்கநாள் டெலிவரி நாள்கூட இல்லை, பணம் கட்டிய நாள்.

1. விமானக் கூரியருக்கு எழுத்துப் புகார்: பெற்றதிலிருந்து 14 நாள். பல நிறுவனங்கள் தங்கள் படிவத்தை அதற்கும் முன்பே கேட்கும்.

2. சந்தைத் தளம்: தளத்துக்குத் தளம் மாறும். ஈபேயில் டெலிவரி நாளிலிருந்து 30 நாள். தளத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தான் இருந்தால், சரிபார்க்காமல் அழுத்தாதீர்கள். சில தளங்களில் அதை அழுத்தியதும் பணம் விற்பனையாளருக்குப் போய்விடும்.

3. பேபால்: பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகாரைத் திறக்க வேண்டும். திறந்தபின் 20 நாளுக்குள் அதை, பேபாலே முடிவு சொல்லும் கோரிக்கையாக உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். விற்பனையாளர் இழுத்தடிப்பது பல நேரம் இந்த 20 நாளைத் தாண்டத்தான்.

4. கார்டு வழி சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்ப இழுப்பது): விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் சேதமான பொருளுக்குப் பொதுவாக, பொருள் கிடைத்ததிலிருந்து 120 நாள். உங்கள் வங்கி அதற்குமுன் கேட்கலாம் என்பதால் கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது.

5. அஞ்சல் விசாரணை: அஞ்சலில் சேர்த்த மறுநாளிலிருந்து ஆறு மாதம்.

விற்பனையாளருக்கு நியாயமான அவகாசம் கொடுங்கள், ஒரு வாரம் போதும். அதற்குள் தீராவிட்டால் தளத்திலோ பேபாலிலோ முறைப்படி புகாரைத் திறந்துவிட்டு மேற்கொண்டு பேசலாம். புகாரைத் திறப்பது சண்டைக்குப் போவது இல்லை. உங்கள் உரிமை காலாவதியாகாமல் பிடித்துவைப்பது, அவ்வளவுதான்.

சார்ஜ்பேக் எப்படி இயங்குகிறது?

கார்டில் கட்டிய பணத்தை, வங்கி வழியாக விற்பனையாளரின் வங்கியிடமிருந்து திரும்ப இழுப்பதற்குப் பெயர் சார்ஜ்பேக். நீங்கள் உங்கள் வங்கியில் தகராறு பதிவு செய்கிறீர்கள். வங்கி அதற்கு ஒரு காரணக் குறியீடு இட்டு, வலையமைப்பு வழியாக விற்பனையாளரின் வங்கிக்கு அனுப்புகிறது. விற்பனையாளர் மறுத்தால் சான்றோடு மறுக்க வேண்டும். விசாவில் இதற்கான குறியீடு 13.3. "விவரித்தபடி இல்லை அல்லது குறையுள்ள பொருள்" என்ற வகை அது, சேதமாகி வந்ததும் அதில் அடங்கும்.

இங்கே வங்கி கேட்பது இரண்டு. விற்பனையாளரிடம் தீர்க்க முயன்றீர்களா? பொருளைத் திருப்பி அனுப்பினீர்களா, குறைந்தபட்சம் அனுப்பத் தயார் என்று சொன்னீர்களா? இரண்டாவது கேள்வியில்தான் பல கோரிக்கைகள் தோற்கின்றன. அதனால் விற்பனையாளருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே "பொருளைத் திருப்பி அனுப்பத் தயாராக இருக்கிறேன், முகவரியும் கட்டணம் கட்டிய லேபிளும் அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் அந்த வரியே உங்கள் சான்று.

வங்கியில் காரணம் சொல்லும்போதும் கவனம் தேவை. "பொருள் வரவில்லை" என்றோ "நான் இந்தப் பணத்தைக் கட்டவில்லை" என்றோ பதிவு செய்துவிட்டால், விற்பனையாளர் டெலிவரி சான்றைக் காட்டி எளிதில் வென்றுவிடுவார். வந்தது, ஆனால் சேதமாக வந்தது என்பதுதான் உங்கள் வழக்கு. தளத்திலோ பேபாலிலோ ஒரு புகார் நடக்கும்போது சார்ஜ்பேக்கும் போட்டால், முதல் புகாரை அவர்கள் மூடிவிடுவது வழக்கம். எனவே தளம், பிறகு வங்கி என்ற வரிசை நல்லது, 120 நாளை மறக்காமல்.

இது வலையமைப்பின் விதி. சில நாடுகளில் இதற்கு மேல் சட்டமும் இருக்கிறது. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை உள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்பனையாளரோடு சேர்ந்து கார்டு நிறுவனமும் பொறுப்பு. வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது பொருந்தும் என்று 2007இல் அந்நாட்டின் உச்ச தீர்ப்பாயமாக அப்போது இருந்த பிரபுக்கள் அவை உறுதி செய்தது. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. நேரடி வங்கி மாற்றமாகப் பணம் அனுப்பியிருந்தால் சார்ஜ்பேக்கும் இல்லை. வெளிநாட்டில் விலை உயர்ந்த பொருள் வாங்கும்போது எப்படிப் பணம் கட்டுகிறோம் என்பதே பாதிக் காப்பீடு.

"திருப்பி அனுப்புங்கள்" என்று சொன்னால்

பொருளைத் திரும்ப அனுப்பும் செலவு சில நேரம் பொருளின் விலையைத் தாண்டிவிடும். இது தெரிந்தேதான் சிலர் "உங்கள் செலவில் அனுப்புங்கள்" என்கிறார்கள். பல நாட்டு நுகர்வோர் சட்டங்கள், குறையுள்ள பொருளைத் திருப்பும் செலவு விற்பனையாளருடையது என்கின்றன. பேபால் போன்ற சேவைகள் மட்டும் வாங்கியவர் செலவில் அனுப்பச் சொல்லலாம். அப்போது கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அனுப்பினால் டிராக்கிங் எண் கட்டாயம், சுங்கப் படிவத்தில் "சேதமானதால் திருப்பி அனுப்பும் பொருள்" என்ற குறிப்பும் கட்டாயம். இல்லாவிட்டால் விற்பனையாளரிடம் புதிய இறக்குமதி போல வரி கேட்பார்கள், அவர் பார்சலை வாங்க மறுப்பார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. லித்தியம் பேட்டரி உள்ள பொருள் நசுங்கி அல்லது பேட்டரி உப்பி வந்திருந்தால், விற்பனையாளர் கேட்டாலும் அதை விமானத்தில் அனுப்பாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்துள்ள சேதமான லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதிகள் தடை செய்கின்றன. இதை அப்படியே விற்பனையாளருக்கும் தளத்துக்கும் எழுதுங்கள். படத்தைச் சான்றாக ஏற்றுக்கொள்ளவும், பொருளை உள்ளூர் மின்கழிவு மையத்தில் நீங்கள் ஒப்படைக்க அனுமதிக்கவும் கோருங்கள், ஒப்படைத்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பவில்லை என்ற காரணத்தைக் காட்டிப் பணத்தை மறுக்க அவர்களுக்கு இதில் வலுவான இடம் இருக்காது.

திரும்பி வரும் தொகை ஏன் குறைகிறது?

விற்பனையாளர் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டதாகச் சொல்வார், உங்கள் கணக்கில் குறைவாக இருக்கும். ஏமாற்று என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கட்டிய அன்று ஒரு நாணய மாற்று விகிதம், திரும்பிய அன்று வேறொரு விகிதம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி எடுத்த கட்டணம் எல்லா வங்கியிலும் திரும்பி வராது. விற்பனையாளர் தன் நாணயத்தில் எவ்வளவு அனுப்பினார் என்ற ரசீதைக் கேட்டு, கட்டிய அதே தொகையா என்று ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இறக்குமதியின்போது சுங்கவரி கட்டியிருந்தால் அது விற்பனையாளரிடம் போகவில்லை, அரசிடம் போயிருக்கிறது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சுங்கச் சட்டத் தொகுப்பின் 118ஆம் பிரிவு, சுங்கத்திலிருந்து விடுவிக்கும் முன்பே சேதமான பொருளையும் குறையுள்ள பொருளாகக் கருதி, வரியைத் திருப்பித் தர இடம் தருகிறது. ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பொருளைத் திருப்பி அனுப்பியதற்கோ சுங்க மேற்பார்வையில் அழித்ததற்கோ சான்றும் வேண்டும். வேறு பல நாடுகளிலும் இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. பொருளை வெளியே அனுப்பும் அல்லது அழிக்கும் முன்பே சுங்கத்திடம் கேட்டுவிட வேண்டும், பிறகு கேட்டால் காட்டப் பொருள் இருக்காது.

பாதுகாப்பைக் குலைக்கும் இரண்டு வழக்கங்கள்

சில கடைகள் வெளிநாட்டுக்கு அனுப்பாது. அதனால் அந்த நாட்டிலேயே ஒரு முகவரி தரும் சேவையில் பொருளை இறக்கி, அங்கிருந்து வரவழைப்பவர்கள் உண்டு. வசதிதான். ஆனால் அந்தக் கிடங்கில் பொருள் இறங்கியதும் விற்பனையாளரின் டெலிவரி முடிந்தது. பிறகு கடலைத் தாண்டும்போது உடைந்தால், வேறு முகவரிக்கு மறுபடி அனுப்பப்பட்ட பொருள் என்று சொல்லி ஈபே போன்ற தளங்களும் பாதுகாப்பை மறுக்கும். இப்படி வரவழைப்பதாக இருந்தால் அந்தச் சேவையின் காப்பீட்டைத் தனியாக எடுப்பதும், கிடங்கில் திறந்து படம் எடுத்துத் தரச் சொல்வதும் அவசியம்.

இன்னொன்று, வரி குறையட்டும் என்று சுங்கப் படிவத்தில் விலையைக் குறைத்துப் போடச் சொல்வது, அல்லது "அன்பளிப்பு" என்று எழுதச் சொல்வது. இது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். பொருள் உடைந்தால் அந்தப் படிவமே உங்களுக்கு எதிரான சான்றாகும். 300 டாலர் பொருளை 20 டாலர் என்று எழுதி அனுப்பியிருந்தால், கூரியரும் காப்பீட்டு நிறுவனமும் 20 டாலரைத் தாண்டிப் பேசமாட்டார்கள். விற்பனையாளர் தானாகவே குறைத்து எழுதியிருந்தால், லேபிளைப் படம் எடுத்து, நீங்கள் உண்மையில் கட்டிய ரசீதோடு சேர்த்துத் தளத்துக்கு அனுப்புங்கள்.

எல்லாம் மறுக்கப்பட்டால்

தளமும் வங்கியும் மறுத்த பிறகு மீதமிருப்பது நுகர்வோர் அமைப்புகளும் நீதிமன்றமும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் நார்வே, ஐஸ்லாந்திலும் எல்லை தாண்டிய வாங்குதலுக்கு ஐரோப்பிய நுகர்வோர் மையங்கள் இலவசமாகத் தலையிட்டு உதவுகின்றன. முன்பு இருந்த ஒன்றியத்தின் ஆன்லைன் தகராறு தீர்வுத் தளம் 2025 ஜூலை 20 அன்று மூடப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகள் இன்னும் அதைப் பரிந்துரைப்பதால் அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பல நாடுகளின் நுகர்வோர் அமைப்புகள் சேர்ந்து நடத்தும் ஈகன்ஸ்யூமர் தளத்தில் புகார் பதியலாம். அது மோசடிப் போக்குகளைக் கண்டறியத் தகவல் சேர்க்கும் இடம், தனிப்பட்ட பணத்தை மீட்டுத் தராது.

வெளிநாட்டு விற்பனையாளர் மீது சொந்த நாட்டில் வழக்குப் போட முடிந்தாலும், கிடைத்த தீர்ப்பை அவருடைய நாட்டில் நிறைவேற்றுவது தனிச் செலவு, தனி நீதிமன்றம். அதனால் நடுத்தர விலையுள்ள ஒரு பொருளுக்கு நடைமுறையில் கடைசி வாசல் வங்கிதான். வங்கி முதல்முறை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்தச் சான்று போதவில்லை என்று தெரிந்தால், அதைச் சேர்த்து மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கும் மறுத்தால், உங்கள் நாட்டில் வங்கிப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பு அதிகாரியிடம் அந்தக் கடிதத்தை இணைத்து மேல்முறையீடு செய்யலாம்.